கதியாலுக்குள் ஒரு குடித்தனம்

மானிப்பாய்ப் பக்கத்தில் குகதாசனுக்குத் தெரியாத வீடு கிடையாது. ஒரு வீட்டையும் முழுதாகத் தெரியாது என்றும் சொல்லலாம். அவர் மீற்றர் பார்க்கிறவர். யுத்தத்தில் பல வருடம் இருண்டு கிடந்த குடாநாட்டுக்குக் கறண்ட் திரும்பி வந்த கையோடு கிடைத்த வேலை அது. இருபத்தாறு வருடம் ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிள் மிதித்தார். படலையில் நின்று மணி அடிப்பார், நாயைக் கட்டச் சொல்லுவார், சுவரில் இருக்கிற மீற்றரை அண்ணாந்து பார்ப்பார், இலக்கத்தை எழுதிக்கொண்டு போய்விடுவார். ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிடம்.

இரண்டு நிமிடத்தில் ஒரு மனிதர் என்னத்தைக் காணலாம்? நடுத்துண்டைக் காணலாம். ஒரு வீட்டில் பெண் பார்க்க ஆட்கள் வந்திருப்பார்கள். அந்தப் பிள்ளை தேநீர்த் தட்டோடு கதவடியில் தயங்கி நிற்கும். அடுத்த மாதம் போனால் வீடு பூட்டிக் கிடக்கும். சம்பந்தம் சரிவந்ததா குழம்பியதா என்று மீற்றர் பார்க்கிறவன் அயலட்டையில் விசாரிக்க முடியுமா? இன்னொரு வீட்டில் தகப்பனும் மகனும் ஒரு சூட்கேசை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்கள். இவரைக் கண்டதும் இரண்டு பேரும் கையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். இவர் படலையைச் சாத்திய பிறகு அந்தச் சூட்கேஸ் யார் பக்கம் போனது என்பது இன்றுவரை தெரியாது. பதினைந்து வருடமாக மனிதரை அரிக்கிற விசயம் அது.

அறுபதில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். மனைவி சுபாஜினி முன்பள்ளி ரீச்சர்; ஏழரைக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் வருவாள். மகன் மயூரதன் கொழும்பில். முதல் ஆறு மாதமும் குகதாசன் படுத்தபடியே ஒழுங்கைகளில் போய்வந்தார். கண்ணை மூடினால் மீற்றருக்குள் சுற்றும் வெள்ளித் தகடு வந்துவிடும்; அது சுற்றச் சுற்ற வீடுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும். அரைத் தூக்கத்தில், "எண்ணாயிரத்து நாநூற்றுப் பன்ரண்டு" என்பார். சுபாஜினி மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பாள்.

சித்திரை வருடப் பிறப்புக் கழிந்த நாலாம் நாள் விடியக்காலை, தேநீரோடு பின்வளவில் நின்றபோதுதான் அவர் அந்தக் குருவியைக் கண்டார். வேப்பம்பூ கொட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. பக்கவாட்டில் திரும்பினால் மெல்ல நீலம் ஓடும். வாலை முதுகுக்கு மேலே நிமிர்த்தி வைத்துக்கொண்டு, வாலின் அடியில் இருக்கிற செங்கல் நிறத்தை ஊருக்கெல்லாம் காட்டியபடி நடை. கொஞ்சம் தள்ளி அதன் பெட்டை, வெறும் மண்ணிறம். அதன் வாயில் ஒரு தும்பு இருந்தது. அது வேலியடிக்குப் பறந்து, ஒரு பட்ட கதியாலின் தலைக்குள் இறங்கி, வெறும் வாயோடு வெளியே வந்தது. சுபாஜினியிடம் கேட்டார். கறுப்புக்குருவி என்றாள். அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம் என்று அவரும் அப்படியே வைத்துக்கொண்டார்.

அந்தக் கதியாலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. யாழ்ப்பாணத்து வேலி வெறும் வேலி அல்ல. வரிசையாக ஊன்றிய தடிகள் வேர் விட்டுத் தழைத்துக் கதியாலாக நிற்கும். அதுதான் எல்லை, எல்லைதான் மானம். மாரிக்கு மாரி ஒரு விரற்கடை தள்ளி நட்டே அடுத்தவன் வளவில் அரைப் பரப்பு நிலம் பிடித்த வீரர்கள் வாழ்ந்த மண் இது. அதனால் எல்லைக் கதியாலை இரண்டு பக்கத்து ஆட்களும் நின்றுதான் நட வேண்டும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த முறை.

குகதாசன் அந்த முறையை ஒருமுறை மீறிவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தியாகராசா, சுபாஜினியின் தமக்கை யோகராணியின் கணவர். மாமனார் ஒரே காணியை இரண்டாகப் பிரித்து இரண்டு பெண்களுக்கும் சீதனமாக எழுதியதால் சகலன்மார் அயலவர் ஆனார்கள். தியாகராசா காணிப் பதிவகத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். காணி உறுதிப் பத்திரங்களைக் கரைத்துக் குடித்தவர். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காற்று மழையில் வேலி விழுந்தபோது அவர் கொழும்பில் நின்றார். ஆடு புகுந்து மரவள்ளியைத் தின்கிறதே என்ற அவசரத்தில், குகதாசன் தன்பாட்டில் ஒரு முள்முருக்கந் தடியை நட்டுவிட்டார். தியாகராசா திரும்பி வந்து பார்த்தார். ஒரு சாண் தன் பக்கம் வந்துவிட்டது என்றார். குகதாசன் இல்லை என்றார். அன்றோடு கதை நின்றது. சகோதரிகள் கிணற்றடியில் வழமைபோலக் கதைத்தார்கள், கறி மாற்றிக்கொண்டார்கள். புருசன்மார் மட்டும் ஊமைகள்.

பிறகு முள்முருக்குக்கு நோய் வந்து அந்தக் கதியால் பட்டுப்போனது. தலை முறிந்து, நடுவில் பொந்துபோலக் கோறை விழுந்து, இடுப்பளவு உயரத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதைப் பிடுங்க இரண்டு பேருக்கும் துணிவில்லை. பிடுங்கினால் எல்லை எது என்று யார் சொல்லுவது? அப்படித்தான் அந்தக் கோறை ஒரு குருவிக் குடும்பத்துக்காகக் காத்திருந்தது.

பெட்டை தும்பு கொண்டுவந்தது, ஆட்டு மயிர் கொண்டுவந்தது, ஒருநாள் பாம்புச் சட்டைத் துண்டொன்றையும் கொண்டுவந்தது. அது இரை தேடப் போன நேரத்தில் குகதாசன் எட்டிப் பார்த்தார். உள்ளே மூன்று முட்டைகள், மண்ணிறப் புள்ளிகளோடு. அன்றைக்கு அவருக்குள் ஒரு ஆசை வந்து குந்திக்கொண்டது. மூன்றும் பொரித்து, வளர்ந்து, பறந்து போகிற நிமிடம் வரை பார்த்துவிட வேண்டும். இத்தனை வீட்டு வாசலில் நின்றும் ஒரு விசயத்தைத்தானும் முடிவு வரை கண்டதில்லை. இதையாவது காண வேண்டும். ஆசை சின்னதுதான். ஆனால் ஓய்வு பெற்ற மனிதருக்கு அதைவிடப் பெரிய ஆசை வேறு இருக்கவில்லை.

ஆசையை முறையாகச் செய்தார். குருவி வெருளக் கூடாதென்று பன்னிரண்டடி தள்ளி நாலு முளை அடித்து, கயிறு கட்டி, ஆடும் சுபாஜினியும் தானும் அதைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டார். பழைய மீற்றர் கொப்பி ஒன்றை எடுத்து நேரம், வந்தது யார், கொண்டுவந்தது என்ன என்று கோடு கிழித்துக்கொண்டார். விடியக்காலை ஐந்தரைக்குக் கயிற்றடியில் குந்தி, ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் கோறையின் விளிம்பைப் பார்ப்பார். எங்கோ கோயில் மணி கேட்கும். பனிக்குளிரும் இல்லாத, வெயிலும் வராத அந்த நேரத்தில் தான் முழித்திருக்கிறேனா படுத்திருக்கிறேனா என்று அவருக்கே மட்டுப்படாது. வெள்ளித் தகடு வருவதில்லை. கண்ணை மூடினாலும் அந்த மண்ணிறப் பெட்டைதான் கோறைக்குள் அசையாமல் இருந்தது.

பதினொரு நாளும் பெட்டைதான் அடைகாத்தது. கறுப்பர் ஒரு நிமிடமும் முட்டையில் இருக்கவில்லை. தண்ணீர்க் குழாயில் ஏறிப் பாடினார், வாலை ஆட்டினார், அவ்வளவுதான். ஆம்பிளை என்றால் வேறென்ன செய்யும் என்று சுபாஜினி கேட்டாள். ஆனால் கறுப்பருக்கும் ஒரு உத்தியோகம் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தியாகராசாவின் ஸ்கூட்டர் நிற்கும். அதன் கண்ணாடியில் தன்னைக் கண்டு, வேறொரு கறுப்பன் தன் காணிக்குள் வந்துவிட்டான் என்று நினைத்து, காலையும் மாலையும் போய்க் கொத்திச் சண்டை பிடிப்பார். யாழ்ப்பாணத்துக் குருவிதானே. தியாகராசா கண்ணாடியில் எச்சத்தைக் கண்டு, யாரோ வேண்டுமென்று செய்கிறார்கள் என்று இரண்டு கண்ணாடிக்கும் பிளாஸ்ரிக் சொப்பின் பை கட்டினார். அந்த யாரோ யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அவர் கண்ணுக்குத் தெரிந்ததை யோசித்துப் பாருங்கள். எதிரி தினமும் விடியப்புறத்தில் எழும்பி வருகிறான். பிணக்குக் கதியாலுக்கு நேரே நாலு முளை அடித்துக் கயிறு கட்டியிருக்கிறான். ஒரு கண்ணை மூடி நேர் பார்க்கிறான். பார்த்துக் கொப்பியில் இலக்கம் எழுதுகிறான். முப்பது வருடம் காணிப் பதிவகத்தில் இருந்த மனிதருக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அவர், ஊர்ப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கிற இணக்கசபைக்கு முறைப்பாடு எழுதிப் போட்டார். எல்லைக் கதியாலை அகற்றி, நில அளவையாளரைக் கொண்டு அளந்து, மதில் கட்ட அனுமதிக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. வைகாசி முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சபை கூடுகிற பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லிக் குகதாசனுக்குக் கடிதம் வந்தது.

கடிதம் வந்த அன்றுதான் மூன்று முட்டையும் பொரித்தன. குகதாசன் கடிதத்தை வாசித்தார், கொப்பியில் நாட்களை எண்ணினார். பறக்கப் பன்னிரண்டு பதின்மூன்று நாள் வேண்டும். அதற்குள் கதியாலைப் பிடுங்கிவிட்டால்? அன்றிரவே சுபாஜினியிடம், அந்த ஒரு சாணையும் தியாகராசா அண்ணையே எடுக்கட்டும், மாதம் முடியும் மட்டும் கதியாலைத் தொடாமல் விட்டால் போதும் என்று சொன்னார்.

சுபாஜினி சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"என்ரை சீதனக் காணியைக் குருவிக்கு எழுதிக் குடுக்க நீங்கள் ஆர்?"

நியாயமான கேள்வி. சட்டப்படி அவருக்கு அந்தக் காணியில் ஒரு பிடி மண்ணும் இல்லை. இருந்தாலும் மனுசி அடுத்த நாள் கிணற்றடியில் தமக்கையிடம் விசயத்தைச் சொல்லிவிட்டாள். யோகராணி அதைப் புருசனிடம் கொண்டுபோனாள். காரியம் கெட்டது அங்கேதான். ஒரு சாண் நிலத்துக்காக வழக்குப் போட்டுக் கோடு கச்சேரி ஏறுகிற ஊரில் ஒருவன் சும்மா விட்டுத் தருகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? ஒரு சாணைச் சும்மா தாறான் எண்டால் எவ்வளவைப் பிடிக்கத் திட்டமோ என்று தியாகராசா சொன்னாராம். மறுநாள் விடியக்காலை வேலியின் அந்தப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை வந்தது. கதிரையில் குடையும் பேப்பருமாகத் தியாகராசா வந்து இருந்தார். குகதாசன் கோறையைப் பார்த்தார். தியாகராசா குகதாசனைப் பார்த்தார். இப்படி நாலு நாள் போனது.

குஞ்சு வந்த பிறகு கறுப்பர் ஆளே மாறிவிட்டார். பாட்டு நின்றது. வெட்டுக்கிளி, புழு, ஈசல், ஒருமுறை பல்லிக்குஞ்சு என்று மணிக்குப் பத்துப் பன்னிரண்டு தரம் கொண்டுவந்தார். கோறையின் விளிம்பில் மூன்று மஞ்சள் வாய்கள் எழும்பும். ஊட்டி முடிய, குஞ்சின் எச்சத்தை வெள்ளைப் பொட்டலமாகக் கவ்விக்கொண்டு போவார். போட்டுவிட்டு வருவது தியாகராசாவின் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே என்பதைக் குகதாசன் கொப்பியில் எழுதாமல் விட்டார்.

எட்டாம் நாள், குஞ்சு தின்கிற செண்பகப் பறவை வந்தது. சிவந்த கண்ணும் கனத்த நடையுமாக, கதியால் வரிசையில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, கூடுகளைத் தேடிக்கொண்டு வந்தது. குகதாசன் எழும்பினார், ஒரு மணித்தியாலம் குந்தி இருந்த கால் விறைத்து, எழும்பிய வேகத்தில் கயிற்றில் தடுக்கி மண்ணில் விழுந்தார். பெட்டை செண்பகத்தின் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றியது. செண்பகம் கோறையின் விளிம்பில் ஒரு காலை வைத்துவிட்டது.

அந்த நேரம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குடை பறந்து வந்தது. கதியாலில் அடித்து விரிந்து விழுந்தது. செண்பகம் தடதடவென்று பனங்கூடலுக்கு ஓடிவிட்டது. குகதாசன் மண்ணில் கிடந்தபடியே பார்த்தார். தியாகராசா எழும்பி நின்று, நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது குகதாசனை அல்ல, கோறையை. மூன்று மஞ்சள் வாயும் மேலே வந்த பிறகுதான் கதிரையில் இருந்தார்.

இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஒன்பது வருட மௌனத்தை ஒரு குடையால் உடைக்கலாம் என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. ஆனால் அடுத்த நாள் ஸ்கூட்டர் குசினிப் பக்கத்துக்குப் போய்விட்டது, கறுப்பர் சண்டையில் நேரத்தை வீணாக்காதபடி. பேப்பர் மடித்தபடியே மடியில் கிடந்தது. சோளகக் காற்றுத் தொடங்கியிருந்தது. பனையோலைகள் விடிய விடிய உரசும். அந்தச் சத்தத்துக்குள் இந்தப் பக்கம் ஒரு மனிதரும் அந்தப் பக்கம் ஒரு மனிதருமாக, இடையில் ஒரு பட்ட கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் மெல்லக் கதியாலில் இறங்கும். குஞ்சுகளுக்குச் செட்டை முளைத்தது. அப்படி ஒரு காலையில் குகதாசன், இந்த வேலியடியில் இன்னும் பத்து வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நினைத்தார். தன் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசமாக ஒரு இடத்தில் அசையாமல் இருந்ததில்லை என்றும் நினைத்தார்.

ஆனால் கடிதம் கடிதம்தான். கொடுத்த முறைப்பாட்டைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் தியாகராசா வாய் திறக்க வேண்டும், அவர் திறக்கவில்லை. ஞாயிறு விடிந்தபோது ஒரு குஞ்சு விளிம்பில் ஏறிக் குந்தியிருந்தது. குகதாசனுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்குத்தான். போக மாட்டேன் என்றார். சுபாஜினி விடவில்லை. போகாவிட்டால் பிழை உங்களில்தான் என்று ஆகிவிடும், பிறகு அவர்கள் கதியாலைப் பிடுங்கினாலும் கேட்க நாதியில்லை என்றாள். அதுவும் உண்மை. அந்த வருடத்துக் குஞ்சுகள் பறந்தாலும் அடுத்த வருடத்துக் கூட்டுக்குக் கதியால் வேண்டுமே. ஆறே முக்காலுக்கே அவர் சைக்கிளை எடுத்தார். எடுக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். கதிரை வெறுமையாக இருந்தது. அண்ணை எனக்கு முதலே போய்விட்டார் என்று நினைத்து மிதித்தார்.

பள்ளிக்கூட வகுப்பறையில் சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில் முழங்கால் இடிக்க இருந்தார். சுவரில் பிள்ளைகள் ஒட்டிய பூக்களும் எழுத்துகளும். அவர் எதையும் பார்க்கவில்லை. கண்ணுக்குள் அந்த விளிம்பு நின்றது. எட்டரைக்குப் பெயர் கூப்பிட்டார்கள். முறைப்பாட்டாளர் தியாகராசா. பதில் இல்லை. ஒன்பதுக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். அப்போதும் இல்லை. சபை மேசையில் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி, முறைப்பாடு கொடுத்தவர் வராமல் என்ன விளக்கம் ஐயா, அவருக்குச் சுகமில்லையா என்று கேட்டார். குகதாசன் வாயைத் திறந்தார். அந்தக் கணத்தில்தான் அவருக்கு விளங்கியது, தியாகராசா எங்கே இருக்கிறார் என்று. வெறுமையான கதிரை, மனிதர் முகம் கழுவப் போயிருப்பார், அவ்வளவுதான்.

திரும்பி வந்த வேகத்துக்குச் சைக்கிளின் சங்கிலி இரண்டு தரம் கழன்றது. படலையைத் திறந்து போட்டபடி பின்வளவுக்கு ஓடினார். தானே கட்டிய கயிற்றைத் தாண்டிப் போய்க் கோறைக்குள் பார்த்தார். நசுங்கிய தும்பும் ஆட்டு மயிரும். வேறொன்றும் இல்லை. இதுவும் போய்விட்டது. அறுபது வயது கடந்த மனிதர், பட்ட கதியாலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிடுவேனோ என்று பயந்தார்.

"குகதாசன்."

வேலிக்கு அந்தப் பக்கம் தியாகராசா நின்றார். கையில் ஒரு கடுதாசி. ஒன்பது வருடத்துக்குப் பிறகு கேட்கிற குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது.

"நான் அங்கை போனனான் அண்ணை. நீங்கள் வரேல்லை" என்றார் குகதாசன். கோபமாகச் சொல்ல நினைத்தார். குரல் உடைந்து வந்தது.

"எப்பிடி வாறது? உந்தக் குஞ்சு விளிம்பிலை வந்து நிண்டுது." தியாகராசா கடுதாசியைத் தூக்கிக் காட்டினார். "நீர் இஞ்சை இல்லை எண்டுதான் எழுதி வைச்சனான்."

முறைப்பாட்டின் பிரதிக்குப் பின்பக்கத்தில், பதிவகத்து உருண்டைக் கையெழுத்தில் இருந்தது. ஆறு ஐம்பத்தைந்துக்கு முதலாவது. கிழக்கெல்லை, மாதுளை மரம். ஏழு இருபதுக்கு இரண்டாவது. வடக்கெல்லை, கிணற்றடி வாழை. தகப்பன் மாதுளையடியில், தாய் வாழையடியில். மனிதர் உறுதி எழுதியது போலவே எழுதியிருந்தார்.

"மூண்டாவது வெளிக்கிடேல்லை" என்றார் தியாகராசா. "தாய் புழுவைக் கொண்டந்து காட்டுறதும், குடுக்காமல் கொண்டு போறதுமாய் நிண்டுது. எட்டரை மட்டும் உதிலை தனியக் குந்திக்கொண்டு இருந்தது. நான் கதிரையை விட்டு எழும்பி வேலியடிக்கு வந்திட்டன். பிறகு ஒரு காத்து அடிச்சுது. விழுந்திட்டுது எண்டுதான் நினைச்சன்."

"விழுந்ததோ?"

"இல்லை. பறந்துது." தியாகராசா கையை நீட்டி, வேலிக்கு மேலாக, குகதாசனின் தோளையும் தாண்டி, வேப்பமரத்தைக் காட்டினார். "உம்மடை பக்கம்தான் தம்பி. நேரை உம்மடை பக்கம்."

குகதாசன் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தார். இலைகள் அசைந்தன; எதையும் காண முடியவில்லை. பொறாமையும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு தியாகராசாவின் பக்கம் திரும்பி, வேலிக்குக் கிட்டப் போய் நின்றார்.

"அண்ணை, முதலிலை இருந்து சொல்லுங்கோ. ஒண்டையும் விடாமல்."